சொல்பவர் பென்சிலைத் தொடக்கூடாது

என் கால் என்னைவிட்டுப் போகத் தொடங்கியதை முதலில் பார்த்தது நான் இல்லை, செல்வராணி.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் அது. மார்கழி மாதம். முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் காலி. அந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்துக்காரர் சாவியை எங்களிடம் கொடுத்துவிடுவார். பந்தியில் இலைக்கு அடியில் விரிப்பார்களே, அந்தக் காகிதச் சுருளை நீண்ட மேசைகளில் உருட்டிவிட்டு, எதிரெதிராக உட்கார்ந்து படம் போடுவோம். நான் மட்டும் உட்கார மாட்டேன். பரிமாறுகிறவளைப் போல மேசைக்கு மேசை நடந்துகொண்டிருப்பேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். நின்றபடி சாப்பிடுவேன், நடந்தபடி எழுதுவேன். வசன கவிதை என்று நான் எழுதிவந்ததெல்லாம் நடையின் மிச்சம்தான்.

“அக்கா, நீங்க இங்க கீறீங்க. உங்க செருப்பு அங்க கீது,” என்றாள் செல்வராணி.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு மேசை தள்ளி என் இடது செருப்பு தனியாகக் கிடந்தது. வெறுங்காலில் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறேன். தரையின் குளிர்ச்சி எனக்குத் தெரியவில்லை.

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்ந்தது. அதற்கடுத்த நாள் எங்கள் அச்சகத்தின் படியில் கால் ஏறவில்லை. நானும் என் கணவரும் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துப் பிழைக்கிறவர்கள். அவர் படியின் மேலே நின்று, “இன்னா, அங்கியே நின்னுட்ட?” என்றார். வந்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். முழங்கால் மடிந்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் ரப்பர் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினார். அவர் முகம் மாறியது. சில வாரங்களுக்கு முன் வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்டார். இருந்தது. அன்றைக்கே ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அந்த அவசரத்துக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

நோயின் பெயர் கில்லன்-பாரே (கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் அணுக்கள், குழம்பிப்போய் நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய்). இதைப் படிக்கிற யாருக்காவது பாதத்தில் மதமதப்பு தொடங்கி, பலவீனம் மேல்நோக்கி ஏறினால், தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். இது கால்களோடு நிற்பதில்லை. மூச்சு வரைக்கும் ஏறும்.

எனக்கு ஏறியது. இடுப்பு, விரல்கள், தோள். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின்சாரம் பாய்ச்சி நரம்பு செய்தி கடத்துகிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். இம்யூனோகுளோபுலின் (பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏறியது. முகம் தெரியாத எத்தனையோ பேர் என் கையின் வழியாக உள்ளே வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) பக்கத்திலேயே தயாராக நின்றது. அது தேவைப்படவில்லை.

நரம்பியல் மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். கட்டிலோரம் உட்கார்ந்து பேசுவார்.

“காவல்காரனே வீட்டுக்காரனத் திருடன்னு நெனச்சு அடிச்சிட்டான். இப்ப அடி நின்னுடுச்சு. இனிமே வீட்டைக் கட்டணும். அது மெதுவாதான் ஆகும்.”

“கை?” என்று கேட்டேன். கால்களைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

அவர் என் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அது அங்கே ஒரு பொருளைப் போல இருந்தது.

“கால் வந்துடும்னு தைரியமா சொல்றேன். விரல் செய்யிற நுணுக்கமான வேலை கடைசியாதான் வரும். எவ்வளவு வரும்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல.”

அந்தக் கைதான் என் வரிகளை எழுதியது. மண்டபத்துச் சுவரில் ஒட்டிய தாளில் கரியால் முதல் கோட்டை இழுத்து “இவ்வளவுதான், வாங்க” என்று கூச்சப்பட்டு நின்றவர்களை அழைத்ததும் அதுதான். அது திரும்பி வருமா? அதன்பின் வந்த மாதங்களில் என்னிடம் இருந்தது இந்த ஒரு கேள்வி மட்டுமே.

பந்தி எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். ‘பந்தி’ என்பது எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அங்கே வருகிறவர்களே வைத்த பெயர்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் நான் அடிக்கடி போய்வருவேன். மலைப்பெண்களும் கீழ்நாட்டுப் பெண்களும் ஒரே இருக்கையில் தோள் இடிக்க உட்கார்ந்து வருவார்கள். கச்சிராயபாளையம் தாண்டியும் ஒரு வார்த்தை இருக்காது. இவள் புளிமூட்டையை அவள் காலில் வைத்தாலும் பேச்சில்லை. அந்த மௌனம் என்னைப் படுத்தியது. இவர்களை ஒரு மேசையின் இரண்டு பக்கமும் உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியது.

உட்கார வைத்தால் மட்டும் போதவில்லை. ஆளுக்கொரு பக்கம் கோலமும் மயிலும் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். அப்போதுதான் அந்த விதியைக் கொண்டுவந்தேன். ஒருவர் தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அதைப் பார்க்காத மற்றவர் வரைய வேண்டும். சொல்பவர் பென்சிலைத் தொடக்கூடாது. எவ்வளவு தவறாகப் போனாலும் வாயால்தான் திருத்த வேண்டும்.

படங்கள் எல்லாமே தவறாகத்தான் வந்தன. அதனால்தான் பேச்சு வந்தது.

சின்னசேலத்துப் பக்கம் நெல்லும் மக்காச்சோளமும் போடுகிறவள் செல்வராணி. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் சாமையும் மரவள்ளியும் போடுகிறவள் பொன்னுருவி. முதல்நாள் இருவரும் எதிரெதிரே. செல்வராணி நெல் அறுக்கும் மெஷினைச் சொன்னாள். “முன்னால பல்லு மாதிரி இருக்கும். உருள சுத்தும். வாயத் தொறந்துக்கினு வயல்ல எறங்கும். பின்னால வைக்கோலக் கக்கிக்கினே போவும்.” பொன்னுருவி தலை நிமிராமல் போட்டாள். வந்தது ஒரு காட்டுப்பன்றி.

“அடியே, மெஷின் சொன்னா பன்னியப் போட்டு வெச்சிருக்க!”

“பல்லுன்ன. வாயின்ன. வயல்ல எறங்குதுன்ன. எங்க மரவள்ளில இப்டித்தான் எறங்குது. நீ காசு குடுத்து வேற கூப்புட்றியா?”

செல்வராணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவர்கள் பேருந்து நிலையம் வரை ஒன்றாகவே நடந்து போனார்கள். பேசிக்கொண்டே போயிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதன்பிறகு அந்த இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைக்க என்னால் முடிந்ததில்லை.

இதையெல்லாம் நான் நடந்துகொண்டே பார்த்தேன். ஒருநாளும் அந்த மேசையில் நான் உட்கார்ந்ததில்லை, சொன்னதில்லை, வரைந்ததில்லை. வீட்டில் படுத்தபடிதான் அதை யோசித்தேன்.

மாசி மாதம் வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னைத் திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். சோற்றை ஊட்ட வேண்டும். காதோரம் கொசு உட்கார்ந்தால்கூட யாரையாவது கூப்பிட்டு ஓட்டச் சொல்ல வேண்டும். உறவினர்கள் வந்தார்கள். “எல்லாம் சரியாயிடும்” என்றார்கள். அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொருவர் சொன்னபோதும் உள்ளே ஒரு கதவு மூடிக்கொண்டது. சரியாகிவிடும் என்று சொல்லிவிட்ட பிறகு, இப்போது எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

முகூர்த்தக் காலம் என்பதால் மண்டபம் கிடைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு பொன்னுருவி வந்தாள். கூடவே செல்வராணி. கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப்போட்டாள் பொன்னுருவி. தாளை மடியில் ஒரு பலகை வைத்து விரித்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

“சொல்லுங்கக்கா,” என்றாள்.

“என்னத்தச் சொல்ல?”

“காலு எப்டி இருக்குதுன்னு சொல்லுங்க. நான் பாத்ததில்ல. உங்களுக்குத்தான் தெரியும்.”

யாரும் கேட்காத கேள்வி அது. கவிதை எழுதுகிறவள் இல்லையா, அழகாகவே சொன்னேன். “பாதத்துக்குள்ள மழ பேஞ்சிக்கிட்டே இருக்கு, பொன்னுருவி.”

அவள் வெகுநேரம் போட்டாள். காட்டினாள். இரண்டு பாதங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குடை.

“கொட எதுக்கு?”

“மழன்னீங்களே. நனையாதா?”

“மழ இல்ல. மழ மாதிரி.”

“மாதிரிய நான் எப்டிப் போடறது? மழ பேயுதா, பேயலியா?”

“அக்கா ஒண்ணு சொல்லுது, இவ ஒண்ணு போடறா,” என்றாள் செல்வராணி. “ரெண்டு கொட வேற! பெரிய எடத்துக் காலு!”

நோய் வந்தபிறகு முதல்முறையாக வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே எந்தத் தசை திரும்பி வந்திருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்று தெரிந்தது.

மறுபடி சொன்னேன். இந்தமுறை அலங்காரம் இல்லாமல். பெருவிரலில் ஒன்றுமே இல்லை. குதிகாலில் சுடுமணல். கணுக்காலில், கொலுசு போட்ட இடத்தில், வளையமாக ஓர் இறுக்கம். முழங்காலுக்கு மேல், உணர்ச்சியில் மட்டும், பழைய நான். பொன்னுருவி ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, “எந்தப் பக்கம்? உள்ளயா, வெளியயா?” என்று கேட்டாள். கேட்கக் கேட்க எனக்கே தெரியாதது தெரிந்தது. என் உடம்பின் எல்லைக்கோடு எங்கே நிற்கிறது என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.

வாய்ப்புக் கிடைத்த ஞாயிறுகளிலெல்லாம் அவர்கள் வந்தார்கள். மலையிலிருந்து பேருந்து பிடித்து ஒருத்தி, சின்னசேலத்திலிருந்து ஒருத்தி. எல்லைக்கோடு தாளுக்குத் தாள் இறங்கிக்கொண்டே வந்தது. முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால். அடுத்தமுறை மருத்துவரிடம் போனபோது என் கணவர் அந்தச் சுருளையும் எடுத்துவந்தார். மருத்துவர் அதைத் தன் மேசையில் விரித்து, குடையிலிருந்து தொடங்கி நிதானமாகப் பார்த்தார். “இதப் போட்டவங்களுக்கு நான் வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க,” என்றார்.

ஆடியில் வாக்கரைப் பிடித்து நாலைந்து அடி வைத்தேன். மருத்துவர் சொன்னபடியே கால்கள் வந்தன. கை வரவில்லை. இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) தட்டில் புளியங்கொட்டைகளைப் போட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னார். கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் சண்டைபோட்ட உறவினர்களைப் போல எதிரெதிரே நின்றன. தொடவில்லை. தொட்ட நாளில் கொட்டை வழுக்கித் தரையில் உருண்டது. அதைக்கூட வெற்றி என்று எண்ணிக்கொண்டேன்.

ஆடி மாதம் கல்யாணம் இல்லை. மண்டபச் சாவி மறுபடி கிடைத்தது. சக்கர நாற்காலியில் என்னைக் கொண்டுபோனார்கள். கூடம் நிறைந்திருந்தது. நான் இல்லாத பந்தியைத் தை பிறக்கும்வரை மண்டபத்திலும், பிறகு யார் யார் வீட்டுக் களத்திலோவும், இவர்கள் நடத்தியிருக்கிறார்கள். அழைத்தது யார், சுருள் வாங்கியது யார் என்று கேட்டேன். “ஆளாளுக்குத்தான்” என்றார்கள். என் நடை இல்லாமலே அந்தக் கூடம் நடந்திருந்தது. பெருமையாக இருந்தது. கொஞ்சம் வலித்தது என்பதையும் மறைப்பானேன்.

வழக்கம்போல் எதிரே பொன்னுருவி உட்கார்ந்தாள். நான் என் கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில், அவள் போட்ட கட்டைவிரல் தவறாக இருந்தது. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. எனக்குள் பழைய பரபரப்பு எழுந்தது.

“குடு, நானே போடறேன்.”

பக்கத்து மேசைக்காரர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். செல்வராணி சட்டென்று ஒரு பென்சிலை எடுத்து என் பக்கம் நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. பொன்னுருவி அதை நடுவில் பறித்துக்கொண்டாள்.

“சொல்றவங்க தொடக்கூடாது.”

“இன்னாடி நீ!” என்றாள் செல்வராணி.

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாம்மா இது? எத்தினி மாசங் கழிச்சு அவளே ஆசப்பட்டுக் கேக்கறா. சட்டம் பேசறியா?”

பொன்னுருவி பென்சிலை விடவில்லை. ஆனால் குரல் தணிந்திருந்தது. “கை வரணும்னு எனக்கு மட்டும் ஆச இல்லீங்களாண்ணே? போடட்டும். இந்தப் பக்கம் வந்து ஒக்காந்து போடட்டும். நான் சொல்றேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

அந்த வாரம் முழுக்க அவள்மேல் எரிச்சலாக இருந்தேன். பிறகு எரிச்சலுக்குக் கீழே இருந்தது தெரிந்தது. என்னுடையதை நான் வரைந்தால், எப்படி வந்தாலும் இதுதான் நான் நினைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். கோணினால் நவீனம், கலைந்தால் கவிதை. இன்னொருத்தி சொல்வதை வரைவதென்றால் தப்பிக்க முடியாது. எதிரே அவள் உட்கார்ந்திருப்பாள். என் கை எவ்வளவு வந்திருக்கிறது என்று மேசைமேல் விரிந்துவிடும். எத்தனையோ பேரை எத்தனையோ ஞாயிறுகளில் இந்தப் பயத்துக்கு எதிரே உட்கார வைத்திருக்கிறேன். எவ்வளவு தைரியசாலிகள் அவர்கள்! ‘எனக்குப் படமெல்லாம் வராதுங்க’ என்று சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்தார்கள்.

ஆடி முடிவதற்குள் மறுபடி போனேன். மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக நாற்காலிகளை நகர்த்தி வழிவிட வேண்டியிருந்தது. செல்வராணி பென்சிலின் நடுவில் துணி சுற்றித் தடிமனாக்கி, என் விரல்களுக்கு இடையே செருகிவிட்டாள்.

“நீ சொல்லு,” என்றேன்.

பொன்னுருவி வீட்டிலிருந்து சுனைக்குப் போகும் வழியைச் சொன்னாள். நான் போகாத வழி. “வாசல்லேந்து கெளம்புங்க. நேரா மேல.”

பென்சில் தாளைத் தொட்டது. ஊன்ற முடியவில்லை. கோடு கிளம்பியது, நடுங்கியது, இடப்பக்கம் சாய்ந்தது. இழுத்து நிமிர்த்தினேன், வலப்பக்கம் போயிற்று. தோளிலிருந்து முழுக்கையையும் தள்ளித்தான் கோட்டை ஏற்ற முடிந்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு கோடு, இரண்டு சொற்களுக்கு இடையே முடிந்துவிடும். இப்போது அதற்குள் மேசைகள் சிரித்து ஓய்ந்தன, டீ வந்து ஆறியது. பொன்னுருவி அடுத்ததைச் சொல்லவில்லை. என் பென்சில் வந்துசேரும்வரை, வழியில் முன்னால் போய் நிற்கிறவளைப் போல, காத்திருந்தாள்.

“ஏய், உன் பஸ்ஸு போயிடும்டி,” என்றாள் செல்வராணி.

“அடுத்ததுல போறேன், நீ கம்முனு இரு.”

வியர்த்துவிட்டது. பென்சிலைச் சாய்த்து வைத்தேன். பொன்னுருவி தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது எங்க வழி இல்லக்கா,” என்றாள்.

“தெரியும்.”

“எங்க வழி செங்குத்தா ஏறும். இதுல எவ்ளோ வளைவு!”

“கை நடுங்கிடுச்சு, பொன்னுருவி. நேராத்தான் போடணும்னு பாத்தேன்.”

அவள் விரலைக் கோட்டின் அடியில் வைத்து, ஒவ்வொரு வளைவாக மேலே கொண்டுபோனாள். அவசரமே இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் சொன்னாள்: “கொடத்தோட ஏறுனாலும் மூச்சு வாங்காது இதுல. எங்களுது ஏறுனா நெஞ்சு அடைக்கும்.”

“அப்ப ரோடு போடற ஆபீஸருக்கு அனுப்பிடு,” என்றாள் செல்வராணி.

கூடம் சிரித்தது. நான் அழுதேன் என்று என் கணவர் சொல்கிறார். எனக்கு நினைவில்லை. வலது கட்டைவிரலின் அடியில் ஒரு சிறு தசை துடித்துக்கொண்டே இருந்ததுதான் நினைவிருக்கிறது. களைத்த தசையின் துடிப்பு. களைப்பு என்பது அங்கே யாரோ வேலை செய்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

இதே நோயில் படுத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். என் கை முழுதாக வரவில்லை. வருமா என்று மருத்துவருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரையைக் கைபேசியில், கொஞ்சம் முந்தித் திரும்பிவந்த இடது கையின் ஒரு விரலால் தட்டினேன். பெயரை மட்டும் வலது கையால் எழுதிப் பார்த்தேன், ஒரு பக்கம் பிடித்தது. உங்களுக்கு எதிரே உட்கார்ந்து, சரியாகிவிடும் என்று சொல்லாமல், எப்படி இருக்கிறது என்று கேட்க ஓர் ஆள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மழை மாதிரி என்று சொல்லாமல், இருப்பதைச் சொல்லுங்கள்.

முன்பு நாட்களைக் கடந்துகொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொன்றுக்குள்ளும் வளைந்து வளைந்து ஏறுகிறேன். ஒரு டம்ளரை எடுப்பதற்குள் அதன் சூடு, கனம், விளிம்பு எல்லாவற்றையும் சந்தித்துவிடுகிறேன். உடம்பு எனக்கு இன்னொருத்தி சொல்லக் கேட்டு நான் வரைகிற வழியாகிவிட்டது. தவறாகத்தான் வரும். வந்தபின் பேசிக்கொள்ளலாம்.

அன்றைக்குப் பொன்னுருவி தாளைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினாள்.

“சுன இன்னும் வரல,” என்றாள். “போடுங்க.”